முதல் மூவே ஏ6: பிளாக்குக்கு ஒரு விசித்திர லைனை எடை போடுறது எப்படி

1980 ஜனவரி, ஸ்வீடன்ல ஸ்காராங்கிற ஊர்ல ஐரோப்பிய டீம் செஸ் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. ஒயிட்ல அப்போதைய உலக சாம்பியன் அனடோலி கார்போவ், பிளாக்ல இங்கிலாந்தோட டோனி மைல்ஸ். கார்போவ் ஈ4 ஆடுறாரு, மைல்ஸ் ஓரத்து சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி ஏ6-ன்னு வைக்கிறாரு. கார்போவ் டி4 ஆடி நடுவை முழுசா எடுத்துக்கிட்டாரு, மைல்ஸ் அடுத்து பி5. பார்த்துட்டு இருந்தவங்க சிரிச்சுட்டாங்கன்னு மைல்ஸே பின்னாடி எழுதியிருக்காரு. 46 மூவ் முடிஞ்சப்ப ரிசைன் பண்ணினது கார்போவ்.

இந்த லைனுக்கு, அதாவது இந்த மூவ் வரிசைக்கு, செயின்ட் ஜார்ஜ் டிஃபென்ஸ்னு பேரு. அந்த கேமுக்கு அப்புறம் 40 வருஷத்துக்கு மேல ஆகியும் இதைப் பத்தி பேச்சு வந்தா ரெண்டே ரெண்டு தீர்ப்புதான் காதுல விழுது. ஒண்ணு, உலக சாம்பியனையே சாய்ச்ச ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்), அதனால தாராளமா ஆடலாம். இன்னொண்ணு, எஞ்சின்ல (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்ல) போட்டுப் பாரு, ஒயிட்டுக்கு அரை சிப்பாய் மதிப்புக்கு மேலயே அனுகூலம் காட்டுது, அதனால குப்பை. ரெண்டுமே எனக்கு சரியா படல, ஏன்னா ரெண்டுமே போர்டைப் பார்க்காம சொல்ற தீர்ப்பு. ஒரு கேமோட ரிசல்ட் அந்த ஓப்பனிங் நல்லதுன்னு காட்டாது, எஞ்சின் காட்டுற நம்பரும் அந்தப் பொசிஷனை மனுஷன் எப்படி ஆடப்போறான்னு சொல்லாது. நான் கேட்கிற கேள்வி வேற: எதிராளி ஏமாறாம, பதறாம, சாதாரணமான நல்ல மூவா ஆடிட்டே போனா, பதினஞ்சாவது மூவ்ல பிளாக் கையில என்ன மிச்சம் இருக்கு?

(கட்டத்துக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச்னே எழுதுறேன்; எழுத்து ஒயிட்டுக்கு இடமிருந்து வலமா நெடுக்கு வரிசை, அதைத்தான் ஃபைல்ங்கிறது, நம்பர் ஒயிட் பக்கத்துல இருந்து எண்ணுற குறுக்கு வரிசை. காய் பேர் சொல்லாம கட்டத்தை மட்டும் சொன்னா அது சிப்பாய் மூவ். போர்டு எடுத்து வச்சுக்கிட்டு படிச்சா நல்லா இருக்கும்.)

முதல்ல ரிசல்ட் விஷயத்தை முடிச்சிடுவோம். மைல்ஸ் கேமுக்கு நேர் எதிரா ஒரு கேம் இருக்கு, அது நம்ம ஆனந்தோடது. 1995, நியூயார்க் வேர்ல்ட் டிரேட் சென்டர்ல காஸ்பரோவோட உலக சாம்பியன்ஷிப் மேட்ச், 14-ஆவது கேம். காஸ்பரோவ் ஈ4 ஆட, ஆனந்த் டி5-ன்னு ஸ்காண்டிநேவியன்ங்கிற டிஃபென்ஸ் ஆடினாரு. ஈ சிப்பாய் வெட்ட, ராணியால திருப்பி வெட்டி, குதிரை சி3 வந்ததும் ராணி ஏ5-க்குப் போச்சு. உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல அந்தக் காலத்துல யாரும் எதிர்பார்க்காத ஓப்பனிங் அது. ஓப்பனிங் முடிஞ்சப்ப ஆனந்துக்கு நல்ல பொசிஷன், காஸ்பரோவ் ஒண்ணும் சம்பாதிக்கல. ஆனா அப்புறம் நடு ஆட்டத்துல சறுக்கி ஆனந்த் தோத்துட்டாரு. ரிசல்ட்டை மட்டும் பார்த்தா மைல்ஸோட ஏ6 சூப்பர், ஆனந்தோட டி5 வேஸ்ட்னுதான் சொல்லணும், ஆனா நிஜத்துல ஸ்காண்டிநேவியன் இன்னிக்கும் மதிப்பான டிஃபென்ஸ், ஏ6 இன்னிக்கும் ஓரமாத்தான் நிக்குது. ஒரு கேமோட முடிவுல இருந்து ஓப்பனிங்கோட தரத்துக்குத் தாவுறது எவ்வளவு தப்புங்கிறதுக்கு இந்த ரெண்டு கேமும் போதும்.

இப்ப மைல்ஸ் கேமுக்குள்ள போவோம், ஏன்னா அதுல நடந்தது பொறி இல்ல. நிறைய பேர் இந்த கேமைப் பத்தி கேள்விப்பட்டதோட சரி, ஆடிப் பார்த்ததில்ல, அதனால ஏதோ மாயாஜாலம் நடந்து கார்போவ் விழுந்துட்டாருன்னு நினைச்சுக்கிறாங்க.

ஏ6, பி5-க்கு அப்புறம் ஒயிட் குதிரை எஃப்3, பிளாக் பிஷப் பி7, ஒயிட் பிஷப் டி3, பிளாக் குதிரை எஃப்6, ஒயிட் ராணி ஈ2, பிளாக் ஈ6. இங்க கொஞ்சம் நின்னு பாருங்க. பி7 பிஷப்பும் எஃப்6 குதிரையும் சேர்ந்து ஈ4 சிப்பாயை அடிக்குது, ஒயிட் பிஷப்பும் ராணியும் அதைக் காவல் காக்குது, அதே நேரம் அதே ரெண்டு காய் பி5 சிப்பாயையும் பார்த்துட்டு இருக்கு. கார்போவ் ஆறாவது மூவ் ஏ4 ஆடினாரு, பி5 மேல நேரடி அடி. சாதாரண ஆளா இருந்தா பி5-ஐ எப்படி காப்பாத்துறதுன்னு யோசிப்போம், இல்லன்னா பி4-ன்னு தள்ளிடுவோம். மைல்ஸ் ஆடினது சி5. காப்பாத்தறதுக்குப் பதிலா நடுவுல அடிக்கிறாரு. ஒயிட் பி5-ஐ வெட்டி, ஏ ஃபைல்ல யானைகளை மாத்திட்டு, பிஷப்பால பி5 சிப்பாயை எடுத்தா, அந்த பிஷப் டி3-ல இருந்து விலகிடுது, ஈ4-க்கு ராணி மட்டும்தான் காவல், பிளாக் குதிரையால ஈ4-ஐ எடுத்து கணக்கைத் தீர்த்துக்கும். பி5 பலவீனம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது உண்மைதான், ஆனா பி5-ஐப் பிடிக்கணும்னா ஈ4-ஐ விடணும்ங்கிற கணக்குலதான் இந்த லைனே நிக்குது.

கார்போவ் டி சிப்பாயால சி5-ஐ வெட்டினாரு, மைல்ஸ் பிஷப்பால திருப்பி வெட்டினாரு. எனக்கு இதுதான் கேமோட திருப்பம். ஒயிட் நடுவுல ரெண்டு சிப்பாயோட கம்பீரமா நின்னது போச்சு, பிளாக் பிஷப் தானா நல்ல கட்டத்துக்கு வந்துடுச்சு. குதிரை டி2, பி4, ஈ5, உடனே பிளாக் குதிரை டி5-ல போய் உட்காருது, அதை விரட்ட ஒயிட்கிட்ட வசதியா ஒரு சிப்பாய் இல்ல, சி4 தள்ளினா போற வழியிலயே பி4 சிப்பாய் வெட்டிடும். அப்படியே 13-ஆவது மூவ்ல நடந்துச்சு. காய்கள் மாறி மாறி, 16-ஆவது மூவ் முடிஞ்சப்ப பிளாக்குக்கு ரெண்டு பிஷப், ஒயிட்டுக்கு ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும். அந்தப் பொசிஷனை மட்டும் காட்டி இது எந்த ஓப்பனிங்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டா, பாதிப் பேர் சிசிலியன்னுதான் (ஈ4-க்கு சி5-ன்னு பதில் சொல்ற பிரபலமான டிஃபென்ஸ்) சொல்லுவாங்க. ஏ6, பி5, ஈ6, சி5, பிஷப் பி7 எல்லாமே சிசிலியன்ல கான் வேரியேஷன்ங்கிற கிளையை ஆடுறவங்க தினமும் ஆடுற மூவ்தான். வரிசைதான் விசித்திரம், அமைப்பு விசித்திரம் இல்ல.

அப்புறம் நடந்ததையும் சொல்லிடுறேன், அழகா இருக்கும். கார்போவ் குதிரையை ஜி5-க்குக் கொண்டு வந்து, பிஷப்பால எச்7-ல செக் வச்சு, பிஷப்பை பி1-க்கு இழுத்துக்கிட்டாரு. ஜி5 குதிரை சும்மா கிடைக்குதேன்னு எச் சிப்பாயால வெட்டினா, ராணி எச்5 செக், ராஜா ஜி8, ராணி எச்7 மேட். மைல்ஸ் அதுக்குப் போகல, அமைதியா பிஷப்பை ஈ7-க்கு வச்சாரு. குதிரை ஈ4-க்குப் போச்சு, பிளாக் யானை சி8, ஒயிட் ராணி டி3, மறுபடி எச்7 மேல கண்ணு. மைல்ஸ் சி1-ல யானைகளை மாத்திட்டு ராணியால பி2 சிப்பாயை எடுத்தாரு, சி1 யானை மேலயும் அடி. இப்ப குதிரை எஃப்6 போய் மேட் மிரட்டினா, பிளாக் ராணி சி1 யானையை செக்கோட வெட்டிடும். கார்போவ் யானையை ஈ1-க்கு நகர்த்த, மைல்ஸ் ஈ5 சிப்பாயையும் எடுத்தாரு, கார்போவுக்குத் திரும்பக் கிடைச்சது டி7 மட்டும். ஒரு சிப்பாய் மிச்சம், ரெண்டு பிஷப், ராணிகளை மாத்தி எண்ட்கேமுக்கு இழுத்துட்டுப் போய் ஜெயிச்சாரு. இதுல எங்கயும் ஓப்பனிங் பொறியில விழுந்த மூவ் கிடையாது. கார்போவ் நடுவை விட்டுக்கொடுத்தாரு, அப்புறம் ராஜா மேல இல்லாத அட்டாக்கைத் தேடினாரு, மைல்ஸ் நல்லா ஆடினாரு. அவ்வளவுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கம் வைக்க ஒரு லைன் வேணும்னா ஸ்டாஃபோர்ட் கேம்பிட் (கேம்பிட்னா ஆரம்பத்துலயே சிப்பாயை வேணும்னே விட்டுக்கொடுக்கிறது) இருக்கு. அமெரிக்க இன்டர்நேஷனல் மாஸ்டர் எரிக் ரோசன் வீடியோவுல ஆடிக் காட்டி, 2020 வாக்குல ஆன்லைன்ல பிளிட்ஸ் (சில நிமிஷத்துல முடியிற வேக ஆட்டம்) ஆடுற எல்லார்கிட்டயும் பரவினது. ஈ4 ஈ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6, இது வரைக்கும் பெட்ரோவ்ங்கிற வழக்கமான டிஃபென்ஸ். ஒயிட் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டினதும், பிளாக் டி6 ஆடாம குதிரையை சி6-க்குக் கொண்டு வருது. குதிரைகள் மாறுது, டி சிப்பாயால சி6-ல திருப்பி வெட்டுறோம். ஒரு சிப்பாய் போச்சு. பதிலுக்கு கிடைச்சது என்னன்னா, டி ஃபைல் திறந்திருக்கு, ரெண்டு பிஷப்புக்கும் வழி இருக்கு, எஃப்2 மேல குறி வைக்கலாம்.

பொறிகள் நிஜமாவே பயங்கரமானது, அதை ஒத்துக்கணும். ஒயிட் டி3, பிளாக் பிஷப் சி5, ஒயிட் இயல்பா பிஷப் ஜி5 வச்சு குதிரையைக் கட்டிப்போட்டா, பிளாக் குதிரை ஈ4-ஐ வெட்டும். ராணி கிடைக்குதுன்னு ஒயிட் டி8-ஐ எடுத்தா, பிஷப் எஃப்2-ல செக், ராஜா ஈ2, பிஷப் ஜி4 மேட். எட்டாவது மூவ்ல ஆட்டம் காலி. ராணியை எடுக்காம டி சிப்பாயால குதிரையை வெட்டினாலும், பிஷப் எஃப்2-ல செக் வச்சு ஒயிட் ராணி போயிடும். ஒயிட் டி3-க்குப் பதிலா ஈ5 தள்ளினாலும் இதே மாதிரி ரெண்டு மூணு குழி இருக்கு.

ஆனா நம்ம கேள்வியைக் கேட்போம், எதிராளி ஏமாறலன்னா? டி3-க்கு அப்புறம் பிஷப் ஜி5 வைக்காம பிஷப் ஈ2-ன்னு அடக்கமா ஒரு மூவ். பிளாக் எச்5 தள்ளும், ஒயிட் காஸ்லிங் பண்ணினா குதிரை ஜி4 போய் எச் ஃபைலைத் திறக்கலாம்ங்கிற ஆசையில. ஒயிட் காஸ்லிங் பண்ணாம சி3 ஆடுது, அடுத்து டி4. அவ்வளவுதான், சி5 பிஷப்புக்கும் எஃப்2-க்கும் நடுவுல சுவர் எழும்பிடுச்சு, பிளாக்கோட மொத்த ஆட்டமும் அந்த ஒரு மூலைவாட்டுக் கோட்டை நம்பித்தான் இருந்துச்சு. இப்ப ஒயிட்டுக்கு ஒரு சிப்பாய் அதிகம், நடுவும் அவர் கையில, பிளாக்குக்கு சி ஃபைல்ல ரெட்டைச் சிப்பாய், எச் சிப்பாய் தள்ளி வச்சதால ராஜாவுக்கும் நல்ல வீடு இல்ல. பதினஞ்சாவது மூவ்ல கையில என்ன மிச்சம்னு பார்த்தா, ஒண்ணும் இல்ல.

ரெண்டு லைனையும் பக்கத்துல வச்சா எனக்கு முக்கியமா தெரியிற வித்தியாசம் இதுதான்: எதிராளிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், தெரியலன்னா என்ன ஆகும்ங்கிற இடைவெளி. ஸ்டாஃபோர்ட்ல அந்த இடைவெளி ராட்சச சைஸ். தெரியாதவன் எட்டு மூவ்ல மேட், தெரிஞ்சவன் கிட்டத்தட்ட ஜெயிச்ச பொசிஷன்ல உட்கார்ந்திருக்கான். செயின்ட் ஜார்ஜ்ல இடைவெளி ரொம்ப சின்னது. எதிராளிக்கு ஒரு வரி தியரி தெரியலன்னாலும் காய்களை நல்லா வெளிய கொண்டு வந்தா அவனுக்கு இதமான பொசிஷன் கிடைச்சிடும், ஆனா அவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சுட்டு வந்தாலும் அந்த இதத்துக்கு மேல பெருசா ஒண்ணும் கிடைக்காது. எஞ்சின் நம்பர் இந்த இடைவெளியைக் காட்டவே காட்டாது, அது ரெண்டு பக்கமும் எல்லாம் தெரிஞ்ச ஆளு ஆடுறதா வச்சுக்கிட்டு ஒரே ஒரு நம்பர் சொல்லுது.

அதுக்காக எஞ்சினை மூடி வைன்னு சொல்லல. நம்பரை விட்டுட்டு அது பரிந்துரைக்கிற மூவோட தன்மையைப் பார்க்கணும். ஒயிட்டுக்கு அந்த அனுகூலம் கிடைக்க வேற வழியே இல்லாத ஒரே ஒரு கஷ்டமான மூவ் வேணுமா, இல்ல நாலஞ்சு மூவ் எது ஆடினாலும் கிட்டத்தட்ட அதே நம்பர் வருதா? முதல் வகைன்னா நடைமுறையில அந்த லைன் நம்பர் காட்டுறதை விட நல்லது, ரெண்டாவது வகைன்னா நம்பர் சொல்றதை நம்பிடலாம். எஞ்சின்ல மூணு நாலு லைன் சேர்த்துக் காட்டுற வசதியை ஆன் பண்ணினா இது ரெண்டு நிமிஷ வேலை, ஆனா முதல் லைனை மட்டும் பார்த்துட்டு மூடிடுறவங்கதான் அதிகம். இந்த சோதனையில செயின்ட் ஜார்ஜுக்கு பெரிய மார்க் கிடையாது, ஒயிட் எதை ஆடினாலும் சௌகரியமா இருக்கும். அது மறைக்க வேண்டிய விஷயம் இல்ல.

டேட்டாபேஸ் பெர்சன்டேஜ் விஷயத்துலயும் இதே மாதிரி ஜாக்கிரதை வேணும். லிச்செஸ்ங்கிற ஆன்லைன் செஸ் தளத்தோட எக்ஸ்ப்ளோரர்ல (ஆடின கேம்களோட புள்ளிவிவரம் காட்டுற பகுதி) ஏதாவது ஒரு வினோத லைனைத் தட்டினா பிளாக்குக்கு ஜெயிச்ச சதவீதம் சில சமயம் மெயின் லைனை விட நல்லா இருக்கும், பார்த்ததும் பரவசம் ஆயிடும். ஆனா அதுல யார் யாரோட ஆடினாங்கன்னு பார்க்கணும். விசித்திரமான லைனை பலம் கூடினவன் பலம் குறைஞ்சவன் மேல தைரியமா ஆடுறது சகஜம், ஜெயிச்சது லைனா ரேட்டிங்கான்னு பிரிக்க முடியாது. ரேட்டிங் (ஆடுறவரோட பலத்தைக் காட்டுற எண்) ஃபில்டரை நம்ம அளவுக்கு வச்சு, பிளிட்ஸையும் அதை விடக் கொஞ்சம் நீளமான ரேபிட்டையும் தனித்தனியா பிரிச்சு, அதுக்கப்புறம் ஒரு வேலை செய்யணும்: ஒயிட்டோட சிறந்த பதிலை நாமே ஆடிட்டு, அந்தக் கிளைக்குள்ள போய் சதவீதத்தைப் பாருங்க. ஸ்டாஃபோர்ட் மாதிரி லைன்ல மேல் மட்டத்துல இருக்கிற பளபளப்பு எங்க இருந்து வருதுன்னு அங்க புரிஞ்சிடும். அந்த நல்ல பதிலை நம்ம ரேட்டிங்ல எத்தனை பேர் ஆடுறாங்கன்னும் அதே பக்கத்துல தெரியும், ரேட்டிங் ஏற ஏற அந்தப் பங்கு கூடிட்டே போகுதான்னு பாருங்க. கூடுதுன்னா நீங்க முன்னேற முன்னேற உங்க ஆயுதம் மழுங்குதுன்னு அர்த்தம்.

ஒதுக்கின லைன் மேல வந்த கதையும் உண்டு, அதை விட்டுட்டா நியாயம் ஆகாது. 2000-ல லண்டன்ல காஸ்பரோவுக்கு எதிரா விளாடிமிர் கிராம்னிக் ருய் லோபஸ்ங்கிற பழைய ஓப்பனிங்குக்குப் பதிலா பிளாக்ல பெர்லின் டிஃபென்ஸ் ஆடினாரு. எட்டாவது மூவ்லயே ராணிகள் மாறிடும், பிளாக் ராஜா டி8-ல நிக்கும், காஸ்லிங் போச்சு, சி ஃபைல்ல ரெட்டைச் சிப்பாய். அது வரைக்கும் பழைய காலத்து, சுவாரசியமில்லாத டிஃபென்ஸ்னு பெரும்பாலும் ஒதுக்கி வச்சிருந்தது. காஸ்பரோவால அந்தச் சுவரை உடைக்கவே முடியல, 15 கேம்ல ஒரு கேம் கூட ஜெயிக்காம 8.5-6.5-ன்னு பட்டத்தை விட்டாரு. பெர்லின்ல பிளாக்குக்கு இருந்தது என்னன்னு பார்த்தா, ரெண்டு பிஷப், ஓட்டை இல்லாத அமைப்பு, ராணி இல்லாததால ராஜாவுக்கு ஆபத்தும் கம்மி. எதிராளி எவ்வளவு நல்லா ஆடினாலும் அது மிச்சம் இருக்கும். ஒரு லைன் அசிங்கமா தெரியறதும் அது மோசமா இருக்கிறதும் வேற வேற, கண்ணுக்குப் பிடிக்கலங்கிறதுக்காக ஒதுக்கினதுல நல்ல லைன்களும் போயிருக்கு.

சரி, செயின்ட் ஜார்ஜுக்கு ஒயிட் எப்படி ஆடணும்? இதை பிளாக் ஆடுறவங்கதான் முதல்ல தெரிஞ்சுக்கணும். கார்போவ் மாதிரி டி4 சிப்பாயை சி5-க்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. குதிரை எஃப்3, பிஷப் டி3, காஸ்லிங், யானை ஈ1, பிளாக் சி5 தட்டினதும் சி3. இப்ப டி4 அசையாது. பிளாக் டி4-ல வெட்டினா ஒயிட் சி சிப்பாயால திருப்பி வெட்டும், உடனே பி1-ல தூங்கிட்டு இருந்த குதிரைக்கு சி3 கட்டம் காலியாகுது, அங்க வந்தா நேரா பி5 மேல அடி, பக்கத்துலயே ஏ4 தள்ளுற மிரட்டல். பிளாக்குக்கு இந்த இடத்துல பதற்றமும் வரும், பி4 தள்ளி குதிரையை விரட்டலாமாங்கிற ஆசையும் வரும், தள்ளினா ராணிப் பக்கத்துல சி4 கட்டம் ஒயிட் காய்க்கு வசதியா ஆகிடும். அதனால டி4-ல அவசரப்பட்டு வெட்டாம, சிப்பாய்கள் மோதி நிக்கிற இழுவையை அப்படியே வச்சுக்கிட்டு, பிஷப் ஈ7, காஸ்லிங், டி6 அல்லது டி5-ன்னு பொறுமையா போறதுதான் எனக்கு நல்லதா படுது. இடம் கம்மியாதான் இருக்கும், ஆனா காய் ஒவ்வொண்ணுக்கும் வேலை இருக்கு, சிப்பாய் எதையும் இழக்கல.

ஆக என்னைக் கேட்டா, கான் சிசிலியன் ஏற்கனவே ஆடுறவங்க செயின்ட் ஜார்ஜை ரேபிட்லயும், தியரி கரைச்சுக் குடிச்ச எதிராளி வந்தா எப்பவாவது கிளாசிக்கல்லயும் (மணிக்கணக்குல ஆடுற நீண்ட ஆட்டம்) ஆடலாம், அந்த அமைப்பு அவங்க கைக்குப் பழகினது. மைல்ஸ் செஞ்சதும் ஏறக்குறைய இதுதான், வழக்கமான லைன்கள்ல கார்போவ்கிட்ட அவருக்கு ரிசல்ட் சரியா அமையல, அதனால அந்தத் தியரியை எல்லாம் ஓரங்கட்டிட்டு நேரடியா செஸ் ஆட வர்ற மாதிரி ஒரு பொசிஷனைத் தேடினாரு. ஈ4-க்கு இதை மட்டுமே வச்சு வருஷம் பூரா ஓட்டலாம்னு நினைச்சா சரிப்படாது, ஒவ்வொரு கேம்லயும் ஒயிட்டுக்கு நடுவை இனாமா கொடுத்துட்டு ஆரம்பிக்கிறது நீண்ட டோர்னமெண்ட்ல ரொம்ப அசதி. ஸ்டாஃபோர்டை மூணு நிமிஷ பிளிட்ஸ்ல ஆடுங்க, எஃப்2 மேல எப்படியெல்லாம் அட்டாக் வரும்னு கத்துக்க அதை விட நல்ல லைன் கம்மி. ரேட்டிங் டோர்னமெண்ட்ல பேரிங் (யாருக்கு யார் எதிராளிங்கிற பட்டியல்) முதல் நாளே வந்து, எதிராளி உங்க பழைய கேமை எல்லாம் புரட்டிப் பார்க்கிற இடத்துல அதைப் போர்டுல வைக்காதீங்க, அவனுக்குத் தேவைப்படுறது பிஷப் ஈ2, சி3, டி4-ன்னு மூணே மூணு மூவ்தான்.